மாரியம்மாள் பேரில் நீங்கள்

மதினி,

நூலகத்தில் கேட்டிருந்த பழைய பத்திரிகைப் பக்கத்தின் நகல் இன்று காலை தபாலில் வந்தது. இறந்தவர் பட்டியலில் நான்காவது பெயர், மாரியம்மாள். பார்த்துவிட்டு உலையில் அரிசி போட்டேன். அழுகை வரவில்லை.

அந்தப் பட்டாசுக் கம்பெனியில் எனக்குச் சமையல் வேலை; மதியம் யார் யாருக்குச் சோறு என்று காலையிலேயே சோத்து நோட்டில் பேர் எழுதுவதும் நான்தான். அண்ணனைக் கட்டி வந்த உங்களுக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. உங்கள் கையெல்லாம் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்கும் என்று தயிர்ச்சோற்றை நான்தான் உருட்டி வாயில் போடுவேன். உங்க அண்ணன்கூட இப்படி ஊட்டினதில்லை என்று கேலி செய்வீர்கள்.

தீபாவளி சீசனில் ஒருநாள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். வர முடியாதவள் பேரில் இன்னொருத்தி வந்து உட்காருவது அங்கே வழக்கம். அன்று மாரியம்மாளின் பிள்ளைக்குக் காய்ச்சல். உங்கள் அறையிலோ வேலையில்லை. என்னிடம் வந்து சொன்னீர்கள்:

"இன்னைக்கு நான் மாரியம்மா. சோத்து நோட்டுலயும் அப்படியே எழுதிரு."

எழுதினேன்.

மதியத்துக்கு முன் அவள் அறை வெடித்தது. வருகைப் பதிவேடு கருகிப்போனதால் என் நோட்டைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு நின்றேன். மறுநாள் பத்திரிகையில் உங்கள் பெயரைக் காணாமல், "அவ ரூம்பு வேற. எங்கனயோ உசுரோட கெடக்கா" என்று அண்ணன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். கூடவே நானும் போனேன். எனக்கு வாய் திறக்கவில்லை. சாயங்காலம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம், நீங்கள்தான் மாரியம்மாள் பேரில் உட்கார்ந்தீர்கள் என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. பத்திரிகை மட்டும் திருத்தவில்லை.

அதன்பின் நான் அங்கே சமைக்கவில்லை. திருத்தங்கல் அச்சகம் ஒன்றில், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்துக்குச் சமையல் குறிப்பு எழுதினேன். குறிப்பு கட்டுரையாயிற்று. கட்டுரைக்காகப் பழைய தொழிலாளர்களிடம் பேசப் போய், இன்று இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சியாளர் என்கிறார்கள். சோத்து நோட்டு எழுதியவள் என்று நான் சொல்வதில்லை.

மத்தியானம் ஆமத்தூர் போய் மாரியம்மாளிடம் நகலைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எம்பேர எடுத்துரு தாயி. சாவாவது அவ பேர்ல இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, என் புத்தகத்தின் பட்டியலில் நான்காவதாக உங்கள் பெயரை எழுதினேன். அப்போதும் மனசு மரத்தே கிடந்தது. ஆனால் மதினி, இத்தனை வருஷமாக யார் என்னிடம் பெயர் சொன்னாலும், பேனாவை வைக்குமுன் நான் ஒருதடவை கேட்டுவிடுகிறேன்: "இது உங்க சொந்தப் பேருதானே?"