நான்கு கணினிகளின் அட்மின்

ஜூலை 9, செவ்வாய்

லேப்பில் நான்கு கணினிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் செய்முறைக் கோப்புகள் அழிந்து ஒரு வாரமாகிறது. அவற்றில் யாரோ கார் ரேஸ் விளையாட்டை ஏற்றியிருக்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அது முடியாது. பிரிண்டர் போடக் கேட்ட கணக்கு வாத்தியாருக்கு மட்டும்தான் அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இன்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"இன்னா டீச்சர், எம்மேலயே சந்தேகமா? பிரிண்டர் போட்டதோட சரி. அந்தச் சீட்ட அன்னைக்கே கிழிச்சிட்டேன்."

கிழித்ததை யார் பார்த்தது?

மாலையில் தனியாக உட்கார்ந்து, யாருக்கெல்லாம் அட்மின் அனுமதி இருக்கிறது என்று லிஸ்டைத் திறந்தேன். நான்கிலும் பிள்ளைகளின் பொது லாகினே அட்மினாக இருந்தது; பாஸ்வேர்டே இல்லாமல் எந்தப் பிள்ளையும் எதையும் ஏற்றலாம், அழிக்கலாம். தமிழ் டைப்பிங் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறது, பிள்ளைகள் ஓயாமல் கூப்பிடுகிறார்கள் என்று, பள்ளி திறந்த வாரம் நான்தான் அப்படி மாற்றினேன். திரும்பப் பழையபடி ஆக்க மறந்திருக்கிறேன்.

சரிசெய்வதற்குள் வாட்ச்மேன் பூட்ட வந்துவிட்டார்.

நாளை வில்லியனூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்ப வேண்டும். கணக்கு வாத்தியார் வருவதற்குள் மாற்றிவிட வேண்டும். அந்த லிஸ்டைத் திறக்க அவருக்கும் தெரியும்.