மாத்திரையை மறைக்காத மாமியாருக்கு

ஊரே அஞ்சிய வாயும் என்னிடம் மட்டும் தணிந்த குரலுமாக இருந்த என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி இந்த வீட்டில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மாமா தவறிய பின்பு திராட்சைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் என்று சத்தமாக. கொஞ்ச நாள் புத்தி சரியில்லாமல் கிடந்தவள் என்று மெதுவாக. அந்த மெதுவான பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம். நடந்ததை உங்களிடமே சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

சின்னமனூர்த் தோட்டத்தில் காய் கறுக்கத் தொடங்கிய நேரம் அது. பழம் நிறம் மாறினால் வீட்டில் கால் தரிக்காத நீங்கள், கட்டிலை விட்டு எழவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. நான் வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. அவளுக்கு என்ன குறை என்றார்கள். பிறகு, காத்துக் கருப்பு என்றார்கள். மாமாவின் அண்ணன், நம் பெரிய மாமா, பேயோட்டக் கோடாங்கியையே கூட்டி வந்துவிட்டார். உடுக்கைச் சத்தத்துக்கு நீங்கள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

"எனக்கு எங்கனயும் வலிக்கலத்தா. ஆசையும் இல்ல, அழுகையும் வரல. செத்துட்டா தேவலைன்னு தோணுது. அதான் பயமா இருக்கு."

மருமகளிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? மறுநாள் காலையில் யாரிடமும் கேட்காமல் உங்களைத் தேனிக்குப் பஸ் ஏற்றினேன்.

மனநல டாக்டரம்மா அவசரப்படவில்லை. இதற்கு மனச்சோர்வு என்று பெயர், குறை இருந்தால்தான் வரும் என்றில்லை, இது சோம்பேறித்தனமும் இல்லை என்றார். மாத்திரை எழுதினார். கூடவே, பக்கத்து அறையில் இருந்த ஆலோசகரிடம் வாராவாரம் வந்து பேசச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் 'மனச்சோர்வு' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பேயில்லை, பைத்தியமில்லை, ஒரு நோய். அதுவே உங்களுக்குப் பாதி ஆறுதல்.

முதல் சில வாரங்கள் அந்த அறையில் நீங்கள் வாயே திறக்கவில்லையாம். வேலை பார்க்க வேண்டாம், தினமும் திராட்சைப் பந்தல் வரை நடந்துவிட்டு வந்தால் போதும் என்று அந்த ஆலோசகப் பெண் சொன்னதற்கு, இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தோம் என்று என்னிடம் முணுமுணுத்தீர்கள். ஆனாலும் நடந்தீர்கள். சில நாள் வாசல்படியோடு திரும்பினீர்கள். பிறகு பேசவும் தொடங்கினீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்களுடையது. மாதங்கள் கழித்து ஒரு காலை, கொடிகளுக்குக் கவாத்து வெட்டியது சரியில்லை என்று வேலையாட்களை நீங்கள் வெளுத்து வாங்கிய சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அடுப்படியில் நின்று நான் அழுதேன், சந்தோஷத்தில்.

அப்போதுதான் உங்கள் மகள் மலரைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து வந்தார்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் பிரஷருக்கு என்று சொல்லும்படி பெரிய மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அலமாரியில் மாத்திரையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நீங்கள் நேராகவே பதில் சொன்னீர்கள்.

"மனச்சோர்வுக்குச் சாப்புடுறேன். தேனிக்குப் போயி பேசிட்டும் வாரேன். இப்ப நல்லாருக்கேன்."

காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். பெரிய மாமா குதித்தார். மலர் பல நாள் உங்களோடு பேசவில்லை. தெரியாமல் கட்டிக்கொண்டு போய்ப் பின்னால் அவளைக் குத்திக் காட்டுவதைவிட, இந்தச் சம்பந்தம் இப்போதே போகட்டும் என்று நீங்கள் அசையாமல் இருந்தீர்கள். அடுத்து அனுமந்தன்பட்டியிலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னீர்கள். லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த மாப்பிள்ளை, "எங்க சித்தப்பாவுக்கும் இது இருந்துச்சு. நாங்க மறைச்சோம். அவரு இப்ப இல்ல" என்றார். அந்த வாரமே தட்டு மாற்றினோம்.

போன ஆடியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. எழவு வீட்டில், அந்த நோய் முற்றித்தான் செத்தாள் என்று ஒருவர் சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை. "அது வைத்தியம் பாத்து நல்லாகி வருசக்கணக்காச்சு. அதுக்கப்புறம் தோட்டத்தையும் பாத்து, மக கலியாணத்தையும் நடத்திட்டுத்தான் போயிருக்காக" என்றேன். பெரிய மாமா இன்னும் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.

இப்போதைய செய்தி ஒன்று உண்டு, அத்தை. பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்த மலருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனால் அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துப் படுத்திருந்தாள். பிரசவித்தவளுக்குக் காற்று அடித்திருக்கும் என்று மறுபடியும் கோடாங்கிப் பேச்சு வந்தது. அவளே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மதினி, அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும்னு நெனைக்கிறேன். என்னைய டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க."

உங்களோடு பேசாமல் இருந்த அதே மலர்தான், அத்தை. இப்படிக் கேட்கும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது?

குடும்ப மானம் போகிறது என்று பெரிய மாமா வாசலில் நின்றார். உங்கள் மகன் அவரை விலக்கிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். இன்னும் நாளாகும் என்கிறார். நேற்று பிள்ளைக்குத் தானே பால் கொடுத்தாள். இன்று மறுபடி சுருண்டு படுத்துவிட்டாள். இது இப்படித்தான் ஏறி இறங்கும் என்று உங்களிடம் பார்த்தவள் நான். பயமில்லை.

வாக்குக் கொடுக்கிறேன், அத்தை. மலர் தேறும் வரைக்கும் அவளை விட மாட்டேன். தேறிய பிறகும் விட மாட்டேன். அவள் மகளுக்கு விவரம் தெரிகிற வயதில், அம்மாவுக்கும் ஆச்சிக்கும் வந்த நோயின் பெயரையும் பார்த்த வைத்தியத்தையும் நானே உட்கார வைத்துச் சொல்வேன். அவள் தலை நிமிர்ந்து கேட்பாள்.

உங்கள் மகனுக்கு வாக்கப்பட்டு உங்களுக்கு மகளானவள்,
மருமகள் தனலட்சுமி