மாட்டினவன் கழட்டட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இப்போது அப்பாவும் நானும்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். வாங்கியவர்கள் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். அப்பா என்னோடு வந்துவிடுகிறார். மாடிப்படிக்கும் அவர் முழங்காலுக்கும் ஒத்துப்போகவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வந்த அன்று டீ போடக் கெட்டிலை எடுத்தேன். உள்ளே வெள்ளையே இல்லை. நம் பழைய கெட்டில் உனக்கு நினைவிருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், ஊற்றினால் டம்ளரில் செதில் விழும். அந்தச் செதில்களை நீ தீப்பெட்டியில் சேர்த்தாய், ஒருநாள் சாக்பீஸ் செய்யலாம் என்று. ஷவர் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதை வினிகரில் ஊறவைத்து ஊசியால் குத்துவது என் வேலை. துணி துவைக்க உட்கார்ந்தால் நுரைக்குப் பதில் திரிதிரியாக ஏதோ மிதக்கும். "சோப்புதான் கரையுது, அழுக்கு கரைய மாட்டேங்குது" என்பாள் அம்மா.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், படித்த பெருமையில் சாப்பிடும்போது ஒருநாள் விளக்கினேன். தண்ணீரின் கடினத்தன்மை இரண்டு வகை. தற்காலிகம், கொதிக்க வைத்தால் போய்விடும். நிரந்தரம், எவ்வளவு கொதித்தாலும் போகாது. நீ தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அப்போ அம்மா தற்காலிகம், அப்பா நிரந்தரம்" என்றாய். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நல்லவேளை, அப்பா கை கழுவப் போயிருந்தார். அதன்பிறகு நம் இருவருக்குள் அவருக்கு அதுதான் பெயர். "நிரந்தரம் வருது, டிவியை அணை."

அம்மாவின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் அந்த சாஃப்ட்னரை நீ வாங்கி வந்தாய். பிறகு அவள் கை ஆறியது தண்ணீராலா, டாக்டர் தந்த களிம்பாலா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்கப் பின்கட்டில் முழங்கால் போட்டு நீயே குழாய்களை இணைத்தாய். கடைசியில் கல் உப்பு மூட்டையைப் பிரித்தாய். அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "உப்புத் தண்ணிக்கு உப்பு போடுற அறிவாளியைப் பார்த்திருக்கீங்களா? நான் பெத்து வச்சிருக்கேன்."

நம் பேச்சிலும் குற்றம் இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரை 'உப்புத் தண்ணி' என்றே சொல்லிப் பழகியவரிடம் போய், அதற்கு உப்புதான் மருந்து என்றால்? அந்த உப்பு நாம் குடிப்பதற்கல்ல, சாஃப்ட்னர் சிலிண்டருக்குள் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் மணிகளைக் கழுவத்தான் என்று நான் இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். கதவருகே நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை. "இனிமே இந்த வீட்டுக் குழாயைத் தொட்டா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நீ போனாய். அடுத்த மாதமே அந்த வேலை, அந்த ஊர். அம்மா போனபோது வந்த நான்கு நாளும் நீ பாட்டில் தண்ணீர்தான் குடித்தாய். அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மாவோடு உப்புப் போடுவதும் நின்றிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கெட்டிலைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போனேன். அங்கே மூடி போட்ட டப்பாவில் கல் உப்பு. சுவரில் பென்சில் கோடுகள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. அம்மா போன இந்த ஏழு வருடத்தில் இரண்டு இடத்தில்தான் கோடு இல்லை. இரண்டும் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்கள். சிலிண்டரில் நீ எழுதியிருந்தாயே, "ஞாயிறுதோறும் உப்பு. அம்மா, மறந்துடாதே" என்று. மங்கிப்போன அந்த எழுத்தின் மேலேயே யாரோ மறுபடி எழுதியிருக்கிறார்கள். 'அம்மா'வைக்கூட விடவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "அது பாட்டுக்கு ஓடுது. நான் ஏன் அதைத் தொடப்போறேன்?" என்றார். அவர் மனம் இளகிவிட்டது என்று நான் எழுதவில்லை. இன்று காலையில்கூட உன்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார்.

நேற்று பிளம்பரை வரவழைத்தேன், கழற்றி என் வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்று. அரை மணி நேர வேலை என்றார். அப்பா நாற்காலியைக் கொண்டுவந்து சிலிண்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மாட்டினவன் வந்து கழட்டட்டும்" என்றார். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியுமல்லவா என்றேன். "தெரியும். அங்கேருந்து பிளேனே கிடையாதா?"

பிளம்பருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நிரந்தரம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதற்கு, கொதிக்க வைத்தால் போகாது என்பது மட்டும்தான் அர்த்தம், போகவே போகாது என்பதல்ல. அன்று அதையும் நான் சரியாகச் சொல்லித்தரவில்லை.

இருபத்தெட்டுக்குள் இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கின்றன. உன் ஸ்பேனர் அதே ஆணியில்தான் தொங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
அன்று கதவருகே வாய்மூடி நின்ற
உன் அக்கா