எழுதிவிட்டதாகப் பொய் சொன்ன சிப்

மான்குர்த் கிளினிக்கின் பழைய ஈசிஜி மெஷின் திரை உடைந்து இன்று நம் செம்பூர் ஆபீஸுக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று ஸ்பிரிட் வாசனை. வேறு திரை மாட்டி ஓடவிட்டேன். இத்தனை வருடப் பதிவுகளும் ஒன்று விடாமல் வந்தன. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கிளினிக்கில்தானே முதலில் பிரச்சினை வந்தது. கரண்ட் போய் வந்தால், நெஞ்சுவலியோடு வந்தவருக்கு அப்போதுதான் எடுத்த பதிவு காணாமல் போயிருக்கும். டாக்டரம்மா போனில் கத்தினார். பதிவைச் சேமிக்கும் சிப்பை விற்றவர்களோ, அதை இயக்க நாம் இருவரும் எழுதிய டிரைவர் புரோகிராமில்தான் கோளாறு என்றார்கள். ஆத்திரத்தோடு அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீ என் கீபோர்டை நகர்த்தி வைத்தாய். "அவங்க கூட பொறவு சண்டை போடலாம்ட்டி. மெஷின் அங்கன ஓடிக்கிட்டு இருக்குல்லா?"

அன்று முழுக்க, மெஷின் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாய். சாயங்காலம் பிடிபட்டது. பதிவை நிரந்தரமாக எழுதச் சொன்னால், அந்தச் சிப் அதைத் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்கிறது. சரிபார்க்கக் கேட்டாலும் அங்கிருந்தே எடுத்து நீட்டுகிறது. கரண்ட் போனால் அதுவும் போயிற்று.

"என்னமா நடிக்கு பாரேன்!" என்று சிரித்தாய்.

நம் கம்பெனி ஏற்கெனவே விற்ற மெஷின்களில் சிப்பை மாற்ற வழியில்லை. அதனால் டிரைவர் அந்தத் தற்காலிக நினைவகத்தையே அணைத்துவிடும்படி செய்தோம். சேமிக்கச் சற்று நேரம் பிடித்தது. மேனேஜர் முகம் சுளித்தார். "ஸ்லோ ஹோ கயா." மெதுவாகிவிட்டதாம். டாக்டர் கொஞ்சம் காத்திருப்பார், போன பதிவு திரும்ப வராது என்று நீ இந்தியிலேயே பட்டென்று சொன்னாய். அப்படியானால் எல்லாச் சிப்புக்கும் இதையே போட்டுவிடலாமே என்றார் அவர். அதற்கும் நீ விடவில்லை. நல்ல சிப் எதற்கு மெதுவாக ஓட வேண்டும் என்றாய். சிப்பின் பேரைப் பார்த்து, அந்த ஒரு வகையை மட்டும் பிடிக்கும்படி எழுதினோம்.

மான்குர்த்தில் டாக்டரம்மா தன் கையாலேயே மெயினை அணைத்தார். திரும்பப் போட்டபோது பதிவு இருந்தது. நமக்கு டீ வரவழைத்தார். திரும்பும் ரயிலில் லேடீஸ் டப்பாவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நீ அவரைப் போலவே கத்திக்காட்டினாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. நீ குடியிருந்த லேபர் கேம்ப் சந்தில் உன் சவப்பெட்டியைத் திருப்ப இடமில்லாமல் எல்லோரும் தடுமாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் மேனேஜர், அந்த டிரைவர் இனி யாருக்குப் புரியும் என்று கேட்டார். "எனக்குப் புரியும்" என்றேன்.

இப்போது புது மெஷினில் வேறொரு சிப், வேறொரு கோளாறு. நேற்று மீட்டிங்கில் இது யார் தப்பு என்று வாக்குவாதம் முற்றியது. "மொதல்ல மெஷின் எந்தக் கிளினிக்ல நிக்குன்னு சொல்லுங்க" என்றேன், உன் இழுவையோடு. எல்லோரும் விழித்தார்கள். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்தியில் மறுபடி சொன்னேன்.