விரிசல் விட்ட குழியும் இரண்டு நிர்வாகிகளும்

செப்டம்பர் 11
கலெங்காவின் ஆட்கள் தோண்டும் குழிக்கு மறுபடி போனேன். கிழக்குச் சுவரின் விரிசலில் போன வாரம் விரல்தான் நுழைந்தது. இன்று கையை முழங்கை வரை விட முடிகிறது. கீழே முந்நூறு பேர் கோபால்ட் எடுக்கிறார்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சுரங்க ஆய்வாளர் என்று எனக்குப் பெயர்; குழியை மூட எனக்கு அதிகாரமில்லை. மாவட்ட நிர்வாகியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

செப்டம்பர் 12
எந்த நிர்வாகியின் கையெழுத்து? தலைநகர் கின்ஷாசாவில் தேர்தல் முடிந்து ஏழு மாதம், இன்னும் மந்திரிசபை அமையவில்லை. ஆட்சிக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு அணிகளும் எங்கள் ஊருக்கு ஆளுக்கொரு நிர்வாகியை அனுப்பிவிட்டன. முவேபுவிடம் அலுவலகம் இருக்கிறது. சிபாங்குவிடம் முத்திரை. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"அந்தாளை முத்திரையக் குடுக்கச் சொல்லும்மா. அடுத்த நிமிஷம் போடுறேன்" என்றார் முவேபு.

"மொதல்ல அவன் என் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கட்டும்" என்றார் சிபாங்கு.

கனிம லாரிகள் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

செப்டம்பர் 19
விரிசலை அளந்தேன். எழுத மனமில்லை.

செப்டம்பர் 23
ஆட்களை மேலே ஏற்று என்று கலெங்காவிடம் நேராகவே சொன்னேன். தோண்டுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன்.

"ஏத்திட்டு? உங்க சம்பளத்துல முந்நூறு வீட்டுக்கும் சோளக்களி கிண்டுவீங்களாக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோபத்தோடு வண்டியைக் கிளப்பி வந்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? மூடு, மூடு என்றே திரிந்தேனே — அவங்க எங்க போவாங்கன்னு ஒருநாளாவது யோசிச்சேனா?

செப்டம்பர் 30
வடக்கு மேடு. அரசு நிலம், யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. ஆறு இடத்தில் மண்ணெடுத்துப் பார்த்தேன். ஆள் உயர ஆழத்திலேயே கனிமம் கிடைக்கிறது. ஆழமாகப் போக வேண்டியதே இல்லை. கலெங்கா மண்ணை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான்.

"இத ஏன்க்கா இவ்வளவு நாளாச் சொல்லல?"



அக்டோபர் 4
பழைய குழியை மூடி வடக்கு மேட்டைத் திறக்கும் உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். கலெங்கா முந்நூறு பேரையும் அழைத்து வந்து இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் உட்கார வைத்தான். கோஷம் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிற்பகலில் நிர்வாகிகள் இருவரும் வெளியே வந்தார்கள். அப்போதும் சண்டைதான் — யார் பெயர் மேலே?

"இவன் பேருக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் சிபாங்கு.

ஓடிப்போய் இன்னொரு பிரதி அடித்தேன். ஒன்றில் முவேபு மேலே, மற்றதில் சிபாங்கு மேலே. இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

"ரெண்டுல எதும்மா செல்லும்?" என்று முவேபு என் காதருகே கேட்டார்.

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணு செல்லாதுங்க ஐயா."

முத்திரை வைக்கும்போது சிபாங்கு கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பயமா, வெட்கமா, தெரியவில்லை.

அக்டோபர் 27
நான்கு நாளாக விடாத மழை. காலையில் பழைய குழியின் கிழக்குச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. சத்தம் சந்தை வரை கேட்டதாம். உள்ளே ஒருவரும் இல்லை. ஒருத்தரும் இல்ல.

நவம்பர் 16
கின்ஷாசாவில் இன்னும் மந்திரிசபை இல்லை.

ஏழு மணிக்கு வடக்கு மேட்டுக்குப் போனால் ஒருவரும் வேலையைத் தொடங்கவில்லை, மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தகராறு என்று பதறிவிட்டேன்.

"தகராறெல்லாம் இல்லக்கா" என்றான் கலெங்கா. "நேத்து மழையில மண்ணு நல்லா ஊறிருக்கு. நீங்க பாத்துச் சொன்னப்புறம் எறங்கலாம்னு இருக்கோம்."

முதலில் நான் இறங்கினேன்.