மனப்பாடமான கடைசி வரி

செப்டம்பர் 5
மகள் வாலு வெளிநாட்டுக்குப் பத்திரமாகப் போய் இறங்கிவிட்டாள். பள்ளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வீட்டில் ஒரு மாதம் தங்கி, அந்த நாட்டு மொழியைப் பேசிப் பழக வேண்டும். வழக்கம்போலக் குளியலறை விளக்கை அணைக்காமல் போயிருக்கிறாள். நானும் அணைக்கவில்லை.

செப்டம்பர் 7
படம் வந்தது. அந்த வீட்டு அம்மாள் இவள் தோளில் கைபோட்டு நிற்கிறாள். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாலு அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். அவளும் ஓடி வந்து எனக்குக் கையாட்டினாள்.
"என்னன்னுடி கூப்பிட்டே?"
"அம்மான்னுதான். டீச்சர்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க."
"ஓ."
தலைவலிக்கிறது என்று வைத்துவிட்டேன். வலிக்கவில்லை.

செப்டம்பர் 10
இங்கே சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். அங்கே பாத்திரம் துலக்குகிறாளாம். இவரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, வந்து நமக்கும் துலக்குவா" என்கிறார். இந்த மனுஷனிடம் எதற்குத்தான் சொல்கிறேனோ.

செப்டம்பர் 14
இன்று அழைப்பே இல்லை. எல்லாரும் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள்; பெற்றோர் குழுவில் டீச்சர் படம் போட்டிருக்கிறார். அந்தப் பொம்பளையின் தொப்பி என் மகள் தலையில். பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறதா என்று. வாலுவுக்குத்தான் பார்த்தேன். சரி, அவளுக்கும்தான். இரண்டு பேருக்குமே இல்லை.

செப்டம்பர் 17
எழுதவே கை வரவில்லை.

வாலு அழைத்தாள். "அம்மா, இங்க அம்மா என்னைக் கண்ணு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணுங்கறாங்க. பஸ் போர்டைப் படிக்க நான் கிட்டக் கிட்டப் போறேனாம். கண்ணை இடுக்கிக்கறேனாம்."

யாரிடம் சொல்கிறாள்? கல்லூரி முடித்த நாளிலிருந்து கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பவர் சொல்கிறவளிடம்!

"வருஷா வருஷம் நான்தானே பாக்கறேன்? கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்வியே?"

"அது எனக்கு மனப்பாடம்மா. ஸ்கூல் விட்டு வந்து கடையில அந்தச் சார்ட்டுக்குக் கீழதானே ஹோம்வொர்க் பண்ணுவேன்."

"ஏமாத்தினியா?"

"இல்லம்மா! எனக்கே தெரியாது. நம்ம மொழின்னா பாதி எழுத்து தெரிஞ்சாலே மீதி புரிஞ்சிடும். இங்க ஒவ்வொரு எழுத்தா இல்ல பாக்க வேண்டியிருக்கு."

"அங்க ஒண்ணும் பாக்க வேணாம். வந்ததும் நான் பாத்துக்கறேன். அவங்ககிட்ட சொல்லிடு."

இரண்டு வாரத்தில் என்ன கண்டுவிட்டாள் அவள்? நான் பெற்ற பிள்ளையை. என்ன தெரியும் அவளுக்கு?

— கண்டுதான் விட்டாள்.

செப்டம்பர் 18
கடைக்கு ஒரு தாய் தன் பெண்ணை அழைத்து வந்திருந்தாள். பவர் சொன்னதும், "எப்படிங்க கவனிக்காம விட்டேன்?" என்று கண் கலங்கினாள். "பிள்ளைங்க சொல்றதில்லைங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்வது வழக்கம். இன்று தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 19
டீச்சர் அழைத்தார். அங்கே வகுப்பில் வாலுவை முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார்களாம். நேற்று தனியாகத் திரும்பும்போது வேறு பஸ்ஸில் ஏறி, எங்கோ இறங்கி அழுதிருக்கிறாள். அந்த அம்மாள்தான் தேடிப் போய் அழைத்து வந்தாளாம். "உங்க சம்மதத்துக்காகத்தான் காத்திட்டிருக்காங்க. எங்கம்மாவே கண்ணு பாக்கறவங்கன்னு இவ ஒரே பெருமை. அதனால உங்ககிட்டச் சொல்லவே அவங்களுக்குச் சங்கடமாம்."

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கண்ணாடி யார் மாட்டிவிட்டா என்ன? புள்ளைக்குக் கண்ணு தெரியணும், அவ்வளவுதான்" என்றார்.

யாரா? நான் மாட்டிவிட வேண்டும். ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் கண்ணாடி மாட்டி, அதுகள் வாசலைப் பார்த்து வாயைப் பிளப்பதை ரசிக்கிறவள் நான். என் பிள்ளை வாயைப் பிளப்பதை அவள் பார்க்கப்போகிறாள்.

பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சலோடுதான் சொன்னேன். சொன்னேன் இல்லையா?

செப்டம்பர் 23
நீல ஃப்ரேம். படம் வந்தது. பதில் போடவில்லை.

அக்டோபர் 4
வந்துவிட்டாள். கொஞ்சம் உயரமாகிவிட்டாளோ? சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு குறையாவது கிடைக்காதா என்று லென்ஸை இரண்டு தடவை சோதித்தேன். பவர் சரி. சுத்தமான வேலை. நீலமும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்குகிறது. அங்கே காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுக்கவில்லை.

"வேற ஃப்ரேம் மாத்தணுமாம்மா?" இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு. கொடு இப்படி."

கம்பியின் நுனியைச் சூடு காட்டி, மெல்ல வளைத்து, மாட்டிவிட்டுக் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். மறுபடி கொஞ்சம். "குனி. தலையை ஆட்டு." அசையவில்லை.

நிமிர்ந்து என்னையே பார்த்தாள். "அம்மா, உனக்கு இவ்வளவு நரையா!"

"அதெல்லாம் உன்னாலதான்டி, வாலு."

"அங்க அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்மா. நீயும் வா."

தோளில் கைபோட்டுக்கொண்டேன். எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், எனக்குத்தான். அப்படியே அனுப்பினேன்.