எஞ்சினில் நான் ஊற்றியது

த்வாங்வா,
ஜூலை 19

அன்பு மகள் தியாமிகேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பி மடலிட்சோவும் உடம்பளவில் சுகம், நீ அங்கே டர்பனில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. படகு விபத்துக்கு உன்மேல் பழி போட்டு ஊர்க்கூட்டத்தில் நான் பேசியதைத் தம்பி உனக்குச் சொல்லிவிட்டான் என்று நேற்றுதான் தெரிந்தது. அவன் சொன்னது உண்மைதான் மகளே. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

டீசல் கிடைக்காமல் மாவு மில் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தபோது நீதான் வழி சொன்னாய். பத்துப் பங்கு டீசலுக்கு ஒரு பங்கு எரிசாராயம், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத சுத்தச் சாராயமாக இருக்க வேண்டும், இரண்டையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்க நீ பஸ்ஸில் அனுப்பிய மருந்தையும் கலக்க வேண்டும் என்றாய். அப்படியே செய்தேன், மில் ஓடியது, ஊரே சோளத்தைச் சுமந்துகொண்டு வந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நம் படகுக்கும் இதையே ஊற்றட்டுமா என்று கேட்டேன், "வேணாம்ப்பா, ஏரியில ஈரம் எப்படியும் டாங்கிக்குள்ள போயிரும், தண்ணி பட்டா ரெண்டும் பிரிஞ்சிரும், நடுத்தண்ணியில எஞ்சின் நின்னா என்ன பண்ணுவீங்க" என்றாய். சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். நீ அப்படிச் சொன்னதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை படகுக்கு டீசல் போதவில்லை. சுத்தச் சாராயம் தீர்ந்துவிட்டது, உன் மருந்தும் தீர்ந்துவிட்டது. நாபண்டா தன் வீட்டில் காய்ச்சும் சாராயத்தை இரண்டாம் முறை காய்ச்சித் தரச் சொல்லி வாங்கினேன், தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக எரிந்தது, இது போதும் என்று நினைத்தேன். டீசலில் விட்டதும் மோர் மாதிரி கலங்கியது. குலுக்கிக் குலுக்கி டாங்கியில் ஊற்றினேன். சந்தைக்குப் போகப் பதினொரு பேர் ஏறினோம், படகோட்டி யூசுஃபும் நானும் அதில் சேர்த்தி. கரை கண்ணுக்கு மறையும் தூரம் போனதும் தெற்கிலிருந்து ம்வேரா காற்று எழும்பியது, எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. குழாயைக் கழற்றிப் பார்த்தேன். டீசல் வரவில்லை, கண்ணாடி மாதிரி தெளிவாகச் சாராயத் தண்ணீர் வந்தது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னண்ணே ஊத்துன?" என்று யூசுஃப் கேட்டான். இருபது வருடம் என்னோடு படகில் இருந்தவன். அத்தனை பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "டீசல்தாண்டா, காத்து அடைச்சிருக்கு, சுத்து" என்றேன். அவன் நம்பினான். துடுப்பை எடுக்காமல் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருந்தான், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது, நாலாவதோ ஐந்தாவதோ அலையில் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர் பிழைத்தோம். பள்ளிக்கூட டீச்சர் ஜெனலாவின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. யூசுஃப் இன்னும் கிடைக்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "படிச்ச மகள் சொன்ன கலவைங்க, எனக்கு என்ன தெரியும்." அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உன் அம்மா என் முன்னால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "அவ வேணாம்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு, போன் சத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

நேற்று தலைவரிடம் போய்க் கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொன்னேன். நீ தடுத்தாய், நான் கேட்கவில்லை, கலந்ததும் நான், படகில் பொய் சொன்னதும் நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். யூசுஃபின் மனைவி சைனாபு எழுந்து வந்து எனக்கு நேராக நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு அங்கயே சொல்லியிருந்தா அவரு துடுப்பைப் போட்டிருப்பாரே. எந்தக் காத்துலயும் படகை நேரா நிறுத்துற கையாச்சே அது" என்றாள். நான் கெட்ட எண்ணெயை ஊற்றியதால் எஞ்சின்தான் நின்றது தியாமிகே. யூசுஃபைக் கொன்றது என் பொய்.

திங்கட்கிழமை போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உள்ளே வைத்தாலும் வைப்பார்கள், அதற்காக நீ அழ வேண்டாம், வக்கீலும் தேட வேண்டாம். மில்லைத் தம்பி பார்த்துக்கொள்வான், டீசல் வந்தால் ஓட்டட்டும், வராவிட்டால் பூட்டியே கிடக்கட்டும்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், உன் படிப்பும் உன் கையும் யாருக்கும் கேடில்லாமல் நிலைக்கட்டும். ஒன்று மறக்காதே, யூசுஃபின் நாற்பதாம் நாள் ஆகஸ்ட் பதினொன்று. சைனாபு என்னை வாசலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள், அது நியாயம்தான். ஆனால் கூட்டம் கலையும்போது உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தியாமிகேவை வரச் சொல்லுங்க, அவ மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நீ வா. எனக்காக அல்ல, அவள் கூப்பிட்டதற்காக வா.

உன் பெயரைக் கெடுத்த,
உன் அப்பா
லைசன் கஃபெரே